மருத்துவ ஜர்னலுக்கு முதல் பேப்பர் அனுப்பப் போகிறீர்களா? ரிவியூவில் என்ன நடக்கும், எதைக் கையில் வைத்திருக்க வேண்டும்

என் முதல் பேப்பர் வெளிவர 16 மாதம் ஆனது. அதில் ரிவியூவர்கள் கையில் இருந்தது எல்லாம் சேர்த்து நான்கு மாதம்தான். மிச்சம் முழுக்க என் தலையில் நானே போட்டுக்கொண்டது. கையெழுத்துக்கு அலைந்தேன், பொருந்தாத ஜர்னலுக்கு அனுப்பினேன், கோப்பில் கல்லூரிப் பெயரை அழிக்க மறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த விமர்சனத்தைப் படித்துவிட்டு மனசு விட்டுப்போய் ஒன்றரை மாதம் அந்த மெயிலைத் திறக்காமலே இருந்தேன். மதுரையில் பி.ஜி. படித்த காலத்தில் இதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. சீனியரிடம் கேட்டால் "அனுப்பி வை, வந்தா வருது" என்பார். அவருக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

தீசிஸைப் பேப்பராக்க நினைக்கும் பி.ஜி.க்கும், முதல் கேஸ் ரிப்போர்ட் எழுதும் ஹவுஸ் சர்ஜனுக்கும், பதவி உயர்வுக்குப் பேப்பர் தேவைப்படும் உதவிப் பேராசிரியருக்கும் இது உதவும். என் தீசிஸ் ஸ்கிரப் டைபஸ் (சிற்றுண்ணி கடித்துப் பரவும் காய்ச்சல்) பற்றியது. மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் நத்தம், மேலூர், வாடிப்பட்டிப் பக்கமிருந்து காய்ச்சலோடு வருகிறவர்களை வைத்துச் செய்தது. அதனால் உதாரணங்களும் அதிலிருந்தே வரும்.

நடப்பது சுருக்கமாக இதுதான். நீங்கள் அனுப்பியதை முதலில் ஜர்னல் அலுவலகம் சரிபார்க்கும், காகிதம் குறைந்தால் திருப்பிவிடும். அப்புறம் எடிட்டர் படிப்பார், பிடிக்காவிட்டால் வெளியே அனுப்பாமல் அவரே மறுத்துவிடுவார். அவரைத் தாண்டினால் அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேருக்குப் போகும். அவர்கள்தான் ரிவியூவர்கள். அவர்கள் கருத்து சொல்வார்கள், முடிவெடுப்பது எடிட்டர். ரிவியூவருக்குப் பெரும்பாலும் காசு கிடையாது. உங்களைப் போலவே ஓ.பி. முடித்து, ரவுண்ட்ஸ் முடித்து, வீட்டில் பிள்ளைகள் தூங்கின பிறகு உங்கள் பேப்பரைத் திறக்கிற ஆள் அவர். கீழே வரும் படிகளில் பாதி, அந்த ஆளின் எரிச்சலைக் கிளப்பாமல் இருப்பதற்கானவை.

1. முதலில் நாள் கணக்கைப் போடுங்கள்

எடிட்டர் பார்வை முடிய சில நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். ரிவியூவர்களுக்கு வழக்கமாக இரண்டு முதல் நான்கு வாரம் கெடு கொடுப்பார்கள். ஆனால் ரிவியூ செய்ய ஒப்புக்கொள்ளும் ஆள் கிடைப்பதே பெரும் பாடு, ஏழெட்டுப் பேரைக் கேட்டு இரண்டு பேர் சரி என்பார்கள். எனவே முதல் முடிவு வர இரண்டிலிருந்து ஐந்து மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருத்தி அனுப்ப உங்களுக்கு 30 முதல் 60 நாள். இரண்டாம் சுற்றுக்கு இன்னும் ஒன்றிரண்டு மாதம். முதல் ஜர்னலிலேயே ஏற்றுக்கொண்டால்தான் இந்தக் கணக்கு. மறுத்தால் மறுபடி முதலிலிருந்து.

தீசிஸைப் பரீட்சைக்கு ஆறு மாதம் முன்பு கொடுக்கிறோம். அதற்கப்புறம் பேப்பர் எழுதலாம் என்று இருந்தால் பரீட்சைக்கு முன் 'ஏற்கப்பட்டது' என்ற கடிதம் கைக்கு வராது. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு பகுதியையாவது எழுத ஆரம்பித்துவிடுங்கள்.

2. காகிதங்களை ஒரே ஃபோல்டரில் சேருங்கள்

எழுதத் தொடங்கும் முன்பே இதைச் செய்யுங்கள். சப்மிட் செய்யும் ராத்திரியில் எந்தக் காகிதமும் கிடைக்காது.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக் கடிதம் முதலில். அதன் எண்ணும் தேதியும் பேப்பருக்குள்ளேயே வர வேண்டும். அந்தத் தேதியையும் உங்கள் முதல் நோயாளியைச் சேர்த்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் பேட்ச்மேட் ஒருவருக்கு முதல் சில நோயாளிகள் அனுமதிக்கு முந்தின வாரத்தில் சேர்ந்தவர்கள். ரிவியூவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அவர்களை நீக்கி, எல்லா அட்டவணையையும் மறுபடி போட வேண்டியதாயிற்று. கமிட்டி மாதத்துக்கு ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோதான் கூடும். முடிந்துபோன ஆய்வுக்கு முன்தேதியிட்டு அனுமதி வாங்க வழியே இல்லை.

மருந்தையோ சிகிச்சை முறையையோ ஒப்பிடும் கிளினிக்கல் ட்ரையல் என்றால் சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவின் ட்ரையல் பதிவேடு) பதிவு எண் வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் 2018 ஏப்ரல் 1-லிருந்து, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தால்தான் உண்டு. சிஸ்டமேட்டிக் ரிவியூ (முந்தின ஆய்வுகளை முறையாகத் திரட்டி அலசுவது) என்றால் அதற்கான பதிவேடான ப்ராஸ்பெரோவில் பதிவு.

அடுத்தது, பேப்பரில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் சரிபார்ப்புப் பட்டியல். என்னுடையது போன்ற அப்சர்வேஷனல் ஆய்வுக்கு ஸ்ட்ரோப், ட்ரையலுக்குக் கன்சார்ட், கேஸ் ரிப்போர்ட்டுக்கு கேர், நோயறியும் சோதனைகளுக்கு ஸ்டார்ட், சிஸ்டமேட்டிக் ரிவியூவுக்கு ப்ரிஸ்மா. எல்லாம் ஈக்வேட்டர் தளத்தில் இலவசம். ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் அது உங்கள் பேப்பரில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுத வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் இதைப் பேப்பர் எழுதும் முன் ஒருமுறை படித்திருந்தால் எனக்கு வந்த கேள்விகளில் பாதி வந்திருக்காது.

நோயாளியின் படம் போடுவதாக இருந்தால், அதை வெளியிட அவர் கொடுத்த சம்மதம். ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கிய படிவம் இதற்குச் செல்லாது. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மதுரா ஃபுட் கேஸில். உசிலம்பட்டிப் பக்கம் காட்டு வேலை செய்யும் பெரியவர், வெறுங்காலோடு நடந்தே பழகியவர், காலில் வீக்கமும் சீழும் குருணையுமாக வந்தார். படம் எடுத்தோம், சிகிச்சை கொடுத்தோம், அனுப்பிவிட்டோம். ஆறு மாதம் கழித்து ஜர்னல் சம்மதப் படிவம் கேட்டபோதுதான் உறைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி அவர் ஊருக்கே போனேன். மகன் படிவத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். பெரியவர் ஒன்றுதான் கேட்டார்: "மூஞ்சி தெரியுமா டாக்டரய்யா?" "இல்லைங்கய்யா, கால் மட்டும்தான்." "காலுதான? போட்டுக்கங்க. எனக்குத்தான் இத்தனை வருசம் ஒதவல, வேற யாருக்காச்சும் ஒதவட்டும்." பெருவிரல் ரேகை, மகன் சாட்சிக் கையெழுத்து, தேதி. தமிழ்ப் படிவத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்பச் சொன்னார்கள், அதையும் முன்னாலேயே தயாராக வையுங்கள்.

அந்தக் கேஸ் ரிப்போர்ட் மறுக்கப்பட்டது என்பது வேறு கதை. 'புதிதாக ஒன்றும் இல்லை' என்றார்கள். நம் ஊர்ப் பெயரையே தாங்கிய வியாதி, 1842-லேயே மதுரையிலிருந்து எழுதிவிட்டார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனதற்கு வேறென்ன கிடைக்கும்.

3. யார் யார் பெயர் வரும், எந்த வரிசையில்: எழுதி வாங்குங்கள்

பெரும்பாலான ஜர்னல்கள் ஐ.சி.எம்.ஜே.இ. (மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் சர்வதேசக் குழு) விதியைப் பின்பற்றுகின்றன. ஆய்வைத் திட்டமிட்டதிலோ தரவு சேர்த்து அலசியதிலோ உண்மையான பங்கு, எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு. இந்த நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். "ஹெச்.ஓ.டி. பேரைப் போடாம எப்படி?" என்ற சங்கடம் எல்லா டிபார்ட்மெண்டிலும் உண்டு. நான் செய்தது: சினாப்சிஸ் (தீசிஸ் திட்டச் சுருக்கம்) கட்டத்திலேயே அவரிடம் ஆய்வுத் திட்டத்தைக் காட்டிக் கருத்து வாங்கினேன், டிராஃப்டையும் கொடுத்தேன். சிவப்புப் பேனாவில் அவர் அடித்த இரண்டு பக்கம் பேப்பரை உண்மையிலேயே நன்றாக்கியது, பெயரும் நியாயமாக வந்தது. ஒன்றுமே செய்யாத நண்பருக்கு ஒரு பெயர், அவர் பேப்பரில் உங்களுக்கு ஒரு பெயர் என்ற பண்டமாற்று வேண்டாம். ஏதாவது சிக்கல் வந்தால் அவருடைய தப்புக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

காப்பிரைட் படிவத்திலும் நலமுரண் அறிவிப்பிலும் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். எங்களில் ஒருவர் தேனிக்கு மாறுதலாகிப் போய்விட்டார், இன்னொருவர் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு கையெழுத்துக்கு ஐந்து வாரம். எல்லாரும் ஒரே வளாகத்தில் இருக்கும்போதே வாங்கி ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய தொல்லை, இனிஷியல். படிவத்தில் 'லாஸ்ட் நேம்' கட்டாயம். எம். சரவணன் என்பவர் அங்கே 'எம்' என்று போட்டால் பப்மெடில் (மருத்துவப் பேப்பர்களைத் தேடும் தளம்) அவர் 'எம் எஸ்' என்று இரண்டு எழுத்தாக நின்றுவிடுவார், தேடினால் கிடைக்க மாட்டார். 'லாஸ்ட் நேம்' இடத்தில் சரவணன், 'ஃபர்ஸ்ட் நேம்' இடத்தில் அப்பா பெயர் அல்லது இனிஷியல் என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டு ஆயுள் முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்கிட் எண் (ஆய்வாளரின் தனி அடையாள எண்) 16 இலக்கம், இலவசம், ஐந்து நிமிட வேலை. தொடர்புக்குக் கல்லூரி மெயிலை மட்டும் கொடுக்காதீர்கள், படிப்பு முடிந்து அது மூடப்பட்ட பிறகுதான் முடிவுக் கடிதம் வரும்.

4. ஜர்னலைத் தேர்ந்தெடுப்பது

உங்கள் ரெஃபரன்ஸ் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மூன்று நான்கு முறை வரும் ஜர்னல் எதுவோ, அதன் வாசகர்தான் உங்கள் வாசகர். ஜேன் என்ற இலவசத் தளத்தில் உங்கள் சுருக்கத்தை ஒட்டினால் பொருத்தமான ஜர்னல்களின் பெயரைச் சொல்லும். நான் இரண்டையும் செய்யாமல் பெயர் பெரிதாக இருக்கிறதே என்று ஒரு வெளிநாட்டு ஜர்னலுக்கு அனுப்பினேன், மூன்றாம் நாள் திரும்பி வந்தது. மரியாதையாகத்தான் சொல்லியிருந்தார்கள், எங்கள் வாசகர்களுக்கு இது பொருந்தாது என்று.

பதவி உயர்வுக்காக என்றால், எந்தெந்த இண்டெக்ஸில் உள்ள ஜர்னல் செல்லும் என்ற இன்றைய என்.எம்.சி. (தேசிய மருத்துவ ஆணையம்) விதியைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். விதி பலமுறை மாறியிருக்கிறது, சீனியர் சொன்னது அவர் காலத்து விதியாக இருக்கும்.

போலி ஜர்னல்கள்தான் இந்த வழியில் பெரிய பள்ளம். வாட்ஸ்அப்பில் வரும்: 15 நாளில் வெளியீடு, ஸ்கோபஸ் உறுதி, சான்றிதழ் இலவசம். கூடப் படித்த ஒருவர் 12,000 ரூபாய் கட்டினார். நான்காம் நாள் 'ஏற்கப்பட்டது' என்று வந்தது, ஒரு கேள்வி இல்லை, ஒரு திருத்தம் இல்லை. கல்லூரியில் செல்லாது என்று தெரிந்து பேப்பரைத் திரும்பப் பெறக் கேட்டபோது அதற்குத் தனியாகக் கட்டணம் கேட்டார்கள். விமர்சனமே வராத ஏற்பு வந்தால் சந்தேகப்படுங்கள். நான் பார்ப்பவை இவை:

என்.எல்.எம். (அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம்) கேட்டலாகில் ஜர்னல் பெயரைத் தேடி, இப்போது அந்த நூலகம் தேர்ந்தெடுத்த ஜர்னல்களின் தொகுப்பான மெட்லைனில் சேர்க்கப்படுகிறதா என்று பார்ப்பேன். பப்மெடில் ஒரு பேப்பர் தெரிவதால் மட்டும் அந்த ஜர்னல் மெட்லைனில் இருப்பதாக ஆகாது. பப்மெட் சென்ட்ரல் (முழுப் பேப்பர்களைச் சேமிக்கும் களஞ்சியம்) வழியாகவும் உள்ளே வரலாம். திறந்த அணுக்க ஜர்னல் (யாரும் காசில்லாமல் படிக்கக்கூடியது) என்றால், அவற்றுக்கான டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் பார்ப்பேன். இம்பாக்ட் ஃபேக்டர் (ஜர்னலின் பேப்பர்கள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) என்பது கிளாரிவேட் நிறுவனம் வெளியிடுவது, 'இண்டெக்ஸ் கோப்பர்னிகஸ் மதிப்பு' என்பதெல்லாம் அது அல்ல. 'யு.ஜி.சி. கேர் பட்டியலில் உள்ளது' என்று இன்னும் விளம்பரம் செய்தால் சிரித்துவிட்டுக் கடந்து போங்கள், அந்தப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. கைவிட்டுவிட்டது. நல்ல ஜர்னலின் பெயரிலேயே போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு. அதனால் கூகுளில் முதலில் வந்த இணைப்பை நம்பாமல், பப்மெடில் அதே ஜர்னலின் ஒரு பேப்பரைத் திறந்து அங்கிருந்து தளத்துக்குப் போங்கள்.

5. பணம்

நல்ல ஜர்னல் என்றால் காசு வாங்காது என்றும் இல்லை, காசு வாங்கினால் போலி என்றும் இல்லை. ஐ.சி.எம்.ஆரின் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் போலக் கட்டணம் வாங்காதவை இருக்கின்றன. துறைச் சங்கங்கள் நடத்தும் ஜர்னல்கள் சில உறுப்பினருக்குக் குறைத்து வாங்குகின்றன. வெளிநாட்டுத் திறந்த அணுக்க ஜர்னல் என்றால் ஆயிரக்கணக்கான டாலர், வரியும் கார்டு கட்டணமும் தனி. ஏழை நாடுகளுக்குத் தானாகக் கிடைக்கும் விலக்கில் இந்தியா பெரும்பாலும் வராது. ஆனால் காரணம் சொல்லிக் கேட்டால் குறைப்பதுண்டு. அதை அனுப்பும்போதே கேட்க வேண்டும், ஏற்ற பிறகு கேட்டால் எடுபடாது. சந்தா முறையும் திறந்த அணுக்கமும் கலந்த ஜர்னல்களில் சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் ஆசிரியருக்குச் செலவில்லை. ஏற்றபின் வரும் படிவத்தில் அவசரத்தில் தவறான கட்டத்தை டிக் செய்துவிடாதீர்கள்.

எனக்கு ஆன செலவு: புள்ளியியல் உதவிக்கு 6,000, ஜெராக்ஸ், ஸ்கேன், பஸ் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள். மொழித் திருத்தத்துக்கு நான் காசு கொடுக்கவில்லை, டிபார்ட்மெண்டிலேயே ஆங்கிலம் நன்றாக எழுதும் ஒரு அக்கா பார்த்துக் கொடுத்தார். பேப்பரையே எழுதித் தருகிறோம் என்று வருபவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

6. பெயர் மறைத்த கோப்பு

சில ஜர்னல்களில் ரிவியூவருக்கு உங்கள் பெயர் தெரியும், உங்களுக்கு அவர் பெயர் தெரியாது. பி.எம்.ஜே. போன்றவற்றில் இருபக்கமும் பெயர் திறந்திருக்கும். நம் நாட்டு ஜர்னல்கள் பலவற்றில் இரு பக்கமும் மறைப்பு. அப்படியென்றால் பெயர்கள் உள்ள முதல் பக்கம் ஒரு கோப்பு, பெயரே இல்லாத கட்டுரை இன்னொரு கோப்பு. இந்த இரண்டாவதில்தான் மாட்டுவோம். 'மதுரையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்' என்று செய்முறைப் பகுதியில் எழுதியிருந்தேன், அதை எழுதினால் பெயரை எழுதியது போலத்தான். எத்திக்ஸ் எண்ணில் கல்லூரியின் சுருக்கம் ஒட்டியிருந்தது. நன்றியுரையில் நர்ஸ்களின் பெயர். எக்ஸ்ரே படத்தின் மூலையில் ஆஸ்பத்திரி பெயரும் நோயாளியின் ஐ.பி. (உள்நோயாளி) நம்பரும். வேர்ட் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் என் பெயர். இத்தனையும் சேர்ந்து மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள், ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் போனது.

7. ஏற்றும் நாள்

லேப்டாப்பில், பகலில், அவசரமில்லாத நாளில் செய்யுங்கள். இரண்டு மணி நேரம் ஆகும். அட்டவணைகளைப் படமாக ஒட்டாமல் வேர்டில் போடுங்கள், படங்கள் 300 டி.பி.ஐ.

கவர் லெட்டர் அரைப் பக்கம் போதும். என்ன கேள்வி, என்ன கண்டோம், ஏன் இந்த ஜர்னல், வேறெங்கும் அனுப்பவில்லை என்ற உறுதி. தீசிஸிலிருந்து எடுத்தது என்றால் அதையும் எழுதுங்கள். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் உங்கள் தீசிஸ் ஏறியிருந்தால், ஒப்புமை பார்க்கும் மென்பொருள் உங்கள் பேப்பரை உங்கள் தீசிஸோடு ஒப்பிட்டு, காப்பி என்று காட்டும். முன்னாலேயே சொல்லிவிட்டால் எடிட்டர் புரிந்துகொள்வார். ஆனாலும் தீசிஸ் வாக்கியங்களை அப்படியே வெட்டி ஒட்டாமல் புதிதாக எழுதுங்கள், கல்லூரி நூலகத்தில் ஒருமுறை சோதித்தும் பாருங்கள். ஏ.ஐ. கருவியை எழுத்துக்குப் பயன்படுத்தியிருந்தால் எங்கே, எதற்கு என்று சொல்ல வேண்டும். அதை ஆசிரியராகப் போட முடியாது.

ஒரே சமயத்தில் இரண்டு ஜர்னலுக்கு அனுப்பாதீர்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றால் இரண்டு ஜர்னலும் சேர்ந்து கல்லூரிக்கு எழுதும் நிலை வரலாம்.

ரிவியூவர் பெயர் பரிந்துரைக்கச் சொன்னால் உங்கள் ரெஃபரன்ஸில் உள்ளவர்களில் உங்களோடு வேலை செய்யாதவர்களைச் சொல்லுங்கள், அவர்கள் நிறுவன மெயிலோடு. நண்பரின் ஜிமெயிலைக் கொடுத்துக் குறுக்கு வழியில் போகலாம் என்று நினைக்க வேண்டாம். போலி ரிவியூவர் விவகாரத்தில் 2017-ல் டியூமர் பயாலஜி என்ற ஒரே ஜர்னலிலிருந்து 107 பேப்பர்களைத் திரும்பப் பெற்றார்கள்.

8. காத்திருக்கும்போது

தளத்தில் நிலவரம் காட்டும். 'வித் எடிட்டர்' என்றால் எடிட்டர் படிக்கிறார் அல்லது ரிவியூவர் தேடுகிறார். 'அண்டர் ரிவியூ' என்றால் யாரோ ஒப்புக்கொண்டிருக்கிறார். 'ரிக்வயர்ட் ரிவியூஸ் கம்ப்ளீட்டட்' என்றால் கருத்துகள் வந்துவிட்டன. தினமும் நாலு தடவை திறந்து பார்ப்பதால் எதுவும் மாறாது, நான் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் அசைவே இல்லையென்றால் பேப்பர் எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வரியில் மரியாதையாக ஒரு மெயில் போடலாம். ஸ்பாமையும் பாருங்கள்.

9. முடிவுக் கடிதம் வந்த அன்று

முதல் சுற்றிலேயே அப்படியே ஏற்பது அபூர்வம். 'மைனர் ரிவிஷன்' என்றால் கிட்டத்தட்ட முடிந்தது. 'மேஜர் ரிவிஷன்' என்றால் மறுப்பு என்று நினைத்துத்தான் நான் ஒன்றரை மாதத்தை வீணாக்கினேன். அது நல்ல செய்தி. எடிட்டருக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பார். கடிதத்தை ஒருமுறை படியுங்கள், மூடுங்கள், போய் ஒரு ஜிகர்தண்டா குடியுங்கள், இரண்டு நாள் கழித்துத் திறங்கள். முதல் நாள் எழுதும் பதிலில் கோபம் தெரியும். கெடு தேதியை மட்டும் அன்றே காலண்டரில் குறியுங்கள், போதாதென்றால் முடிவதற்குள் எழுதிக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

10. பதில் கடிதம்

இங்கேதான் பேப்பர் பிழைப்பதும் சாவதும். ரிவியூவர் சொன்ன ஒவ்வொரு வரியையும் ஒரு வேர்ட் கோப்பில் அப்படியே ஒட்டி, எண் கொடுத்து, கீழே உங்கள் பதில், எந்தப் பக்கம் எந்த வரியில் மாற்றினீர்கள், மாற்றிய வாக்கியம். ஒன்றைக்கூட விடக்கூடாது, எழுத்துப்பிழை சொன்னதைக்கூட. கட்டுரையை மாற்றங்கள் தெரியும்படி ஒன்று, சுத்தமாக ஒன்று என இரண்டாக அனுப்புங்கள்.

எனக்கு வந்த மூன்று கேள்விகளைச் சொல்கிறேன், விதங்கள் புரியும்.

முதலாவது: ஐ.ஜி.எம். எலைசாவில் (புதிய தொற்றைக் காட்டும் ரத்தச் சோதனை) எந்த ஓ.டி. (சோதனையில் வரும் நிறத்தின் அடர்த்தி) அளவுக்கு மேல் பாசிட்டிவ் என்று எடுத்தீர்கள், ஏன்? தீசிஸில் 'கிட்டில் சொன்னபடி' என்று ஒரே வரியில் தாண்டியிருந்தேன். ஊருக்கு ஊர் இந்த அளவு மாறும், நோய் சாதாரணமாக உலவும் பகுதியில் குறைந்த அளவை வைத்தால் பழைய தொற்றையும் புதிதென்று எண்ணிவிடுவோம். மைக்ரோபயாலஜி லேபில் போய்ப் பழைய ரெஜிஸ்டரைப் புரட்டி, 0.5 வைத்தார்கள் என்று உறுதி செய்து, உள்ளூர் அளவு நிர்ணயிக்கப்படவில்லை என்பதைக் குறைபாடாக எழுதினேன். இது 'ஒப்புக்கொண்டு திருத்துவது'.

இரண்டாவது கேள்வியைப் படித்தபோது முதலில் கோபம்தான் வந்தது. எஸ்கார் பெண்களிடம் குறைவு என்று எழுதியிருந்தேன், அதற்கு உயிரியல் காரணம் எல்லாம் யோசித்து ஒரு பத்தி. ரிவியூவர் கேட்டது ஒரே வரி: பெண் நோயாளிகளின் உடல் முழுவதையும் பார்த்தீர்களா? எஸ்கார் என்பது சிகரெட் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு, வலிக்காது, அக்குள், இடுப்பு, மார்புக்குக் கீழே, தொடை இடுக்கு என்று மறைவில்தான் இருக்கும். நெரிசலான வார்டில், திரை பாதி கிழிந்திருக்க, புடவை கட்டிய அம்மாக்களை நாங்கள் எவ்வளவு பார்த்தோம் என்பது எனக்கே தெரியும். கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தால், பெண் டாக்டர் டூட்டியில் இருந்த நாட்களில்தான் முழுப் பரிசோதனை குறிக்கப்பட்டிருந்தது. அந்த உயிரியல் பத்தியை முழுசாக நீக்கிவிட்டு இதை எழுதினேன். பேப்பரிலேயே உருப்படியான பத்தி அதுதான், அதை எனக்குக் கொடுத்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

மூன்றாவது: பி.சி.ஆர். செய்து உறுதிப்படுத்துங்கள். ரத்த மாதிரியே மிச்சமில்லை, எப்படிச் செய்வது? இப்படி முடியாததைக் கேட்டால் மழுப்பாதீர்கள். நன்றி சொல்லி, மாதிரி சேமிக்கப்படவில்லை என்று நேராகச் சொல்லி, குறைபாடுகள் பகுதியில் சேர்த்து, அந்த வரியைக் காட்டுங்கள். ரிவியூவர் சொன்னது தவறு என்றாலும் இதே தொனிதான், ஆனால் ஆதாரத்தோடு மறுக்கலாம். சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினால் எடிட்டருக்கே உங்கள் மேல் நம்பிக்கை போகும். இரண்டு ரிவியூவர்கள் எதிரெதிராகச் சொன்னால் எதை ஏற்றீர்கள், ஏன் என்று எடிட்டருக்கு எழுதுங்கள்.

இன்னொரு பொறி: ரெஃபரன்ஸ்களை சினாப்சிஸ் காலத்திலேயே தேடி முடித்திருப்போம். கடுமையான ஸ்கிரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று காட்டிய இந்திய ட்ரையல் 2023-ல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்தது. அது என் பேப்பரில் இல்லை. திருத்தும்போது ஒருமுறை புதிதாகத் தேடிவிடுங்கள்.

11. மறுத்துவிட்டால்

அந்தக் கருத்துகளை வைத்துத் திருத்திவிட்டு அடுத்த ஜர்னலுக்கு அனுப்புங்கள், அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் எடுக்காதீர்கள். திருத்தாமல் அனுப்பினால் அதே ரிவியூவர் கையிலேயே மறுபடி போய் விழலாம். சின்னத் துறைகளில் ஆட்கள் குறைவு. மேல்முறையீடு என்பது ரிவியூவர் எதையோ தவறாகப் படித்துவிட்டார் என்று நிரூபிக்க முடிந்தால் மட்டும். ஜர்னலுக்கு ஜர்னல் ரெஃபரன்ஸ் வடிவம், சொல் வரம்பு, கவர் லெட்டரில் உள்ள பெயர் மாறும். நான் பழைய ஜர்னலின் பெயரோடு புது ஜர்னலுக்குக் கடிதம் அனுப்பியவன்.

12. ஏற்ற பிறகு

ப்ரூஃப் (வெளியாவதற்கு முந்தின வடிவம்) வரும், 48 மணி நேரத்தில் திருப்பக் கேட்பார்கள், எனக்கு அது போகிப் பண்டிகை அன்று மாலை வந்தது. பெயர்கள், இனிஷியல், அட்டவணை எண்கள், மருந்தின் அளவு, இந்த நான்கையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபாருங்கள். இந்தக் கட்டத்தில் புது வாக்கியம் சேர்க்க விடமாட்டார்கள். டி.ஓ.ஐ. (பேப்பருக்கான நிலையான இணைய எண்) வந்ததும் கல்லூரி அலுவலகத்துக்கு ஒரு நகல் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

பேப்பர் வெளியான வாரத்திலிருந்து மெயிலில் 'மதிப்பிற்குரிய பேராசிரியரே' என்று அழைப்புகள் கொட்டும், முக்கால்வாசி போலி. அதற்கிடையே என்றாவது உண்மையான ஜர்னலிலிருந்து ரிவியூ செய்து தரக் கேட்டு ஒன்று வரும். தெரிந்த விஷயமாக, இரண்டு வாரம் நேரம் இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள், அந்தப் பேப்பரை யாருக்கும் காட்டாதீர்கள், ஏ.ஐ. கருவியில் ஏற்றாதீர்கள். முடியாதென்றால் அன்றைக்கே 'டிக்லைன்' அழுத்திவிடுங்கள். பதிலே சொல்லாமல் விட்டால், அந்தப் பக்கம் யாரோ ஒரு பி.ஜி. தளத்தைத் திறந்து திறந்து 'வித் எடிட்டர்' என்பதையே பார்த்துக்கொண்டிருப்பார்.